மூன்றாவது கோடு

வெஸ்ட் வின்ட்சர்
20 அக்டோபர் 2024

அக்கா,

அன்று கோவில் மண்டபத்தில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அப்பா, அழிக்காதீங்க. அது அவளோட எழுத்து."

வாய்வரை வந்தது. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், மைக்கில் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ போன் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் குறி விழுகிறது, அதோடு சரி. தபாலில் அந்தக் குறி கிடையாது. நீ படித்தாயா, பிரிக்காமலே போட்டுவிட்டாயா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

நீ அர்ச்சனைச் சீட்டுக்காக வரிசையில் நின்றிருந்தாய். திரும்பி வந்தபோது கடைசியில் நடந்ததை மட்டும்தான் பார்த்தாய். அதற்கு முன் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

மண்டபம் முழுக்க விஜயதசமிக்கு எழுத்தறிவிக்க வந்த பிள்ளைகள். ஒவ்வொருவர் முன்னாலும் அரிசி பரப்பிய தட்டு. உன் அகாரி நம் அப்பாவின் மடியில் இருந்தாள். குழந்தையின் விரலைப் பிடித்துக்கொள்ளும்படி குருக்கள் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் அவளே விரலை அரிசியில் வைத்தாள். குறுக்கே ஒரு சின்னக் கோடு. அதை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழே ஒன்று. மூன்றாவதற்கு முன் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு சரிந்து இறங்கி, வளைந்து மேலேறி, நடுக்கோட்டைச் சுற்றி வந்து, வலப்பக்கத்தில் எதிலும் முட்டாமல் நிறுத்தினாள்.

あ.

நம் அ-வின் அதே ஒலிதான். ஜப்பானியர்களுக்கும் அதுதான் முதல் எழுத்து. அவள் பெயரும் அதில்தான் தொடங்குகிறது. உங்கள் குளியலறைச் சுவரில் நவோகி மாமா ஒட்டிய எழுத்து அட்டையில் வலது மூலையில் இருக்கும். போன வருஷக் கோடையில் நான் அங்கே தங்கியிருந்தபோது எனக்கும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தார். ஓர் எழுத்து கையில் உட்காராமல் அடுத்ததற்குப் போகக் கூடாது என்பார். நான் அவசரக்காரி, முழு அட்டையையும் முடித்துவிட்டுக் கிளம்பினேன். அகாரிக்கு அவசரமே இருக்கவில்லை. தினமும் குளிக்கும்போது ஆவி படிந்த கண்ணாடியில் அந்த ஒன்றையே எழுதுவாள். மூன்றாவது கோடு வந்ததும் அவர் "மெதுவா, மெதுவா" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் என்று நாம் சிரிப்போம். பிப்ரவரியில் அந்த மழை வந்தது, அந்த விபத்தும். இரண்டாவது எழுத்துக்கு அவர்கள் போகவேயில்லை.

அரிசியில் எழுதி முடித்ததும் அகாரி என்னைப் பார்த்து, "சித்தி, லுக்" என்றாள். நான் சிரித்தேன். அதே நேரம் அப்பா உள்ளங்கையை அரிசியின் மேல் வைத்து ஒரே இழுப்பில் வழித்தார். "இது வேண்டாங் கண்ணு. நம்மளுத எழுது" என்று அவள் விரலைப் பிடித்து அ போட்டார். நீ வந்தது அப்போது.

அம்மா எடுத்த போட்டோவை சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாள். நாங்கள் சிரிக்கிறோம். அகாரி தட்டைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்க்கிறாள்.

ஆகஸ்டில் என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாய். கிறிஸ்துமஸுக்குள் பேர்லேண்ட் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே எங்களோடு வந்துவிடுவதாக. கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். புத்தகப் பெட்டிகளை மேலே ஏற்றியாகிவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏன் என்று தெரியாது. அந்தப் பேச்சு இன்னும் இருக்கிறதா?

யாமினி


பேர்லேண்ட்
4 நவம்பர் 2024

யாமினி,

கடிதம் வந்தது. பிரித்தேன்.

வரிசையாக எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நான் வந்தபோது அப்பாவின் கையை மட்டும் பார்க்கவில்லை. உன்னையும் பார்த்தேன். அகாரியும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை கூட்டத்தில் அவள் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான் என்று அந்த நாலு வயதுக்குத் தெரியும். நீ குனிந்து புடவை மடிப்பைச் சரிபண்ணினாய்.

அப்பாவைப் பற்றி எனக்கு ஆச்சரியம் இல்லை. என் கல்யாணத்துக்கு வந்தார், போட்டோவுக்கு நின்றார், மொய்யும் வைத்தார். நவோகியை ஒரு நாளாவது மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருக்கிறாரா? ஆறு வருஷமும் "அந்தத் தம்பி". தம்பிக்குச் சாப்பாடு போடு, தம்பி ஆபீஸ் போயாச்சா. செத்த அன்றைக்கும் போனில், "அந்தத் தம்பிக்கு இப்பிடி ஆயிப்போச்சே." உன் மேல்தான் எனக்கு ஆச்சரியம்.

காலையில் அகாரியை டேகேரில் விட்டுவிட்டு 288 நெடுஞ்சாலையில் ஏறுகிறேன். நவோகியின் கார் சறுக்கிய அந்த இடம் வருவதற்கு முன்பே லேன் மாறிவிடுவேன். தாண்டிவிடுவேன். சாயங்காலம் எதிர்ப்பக்கத்தில் திரும்ப வரும். இது போதும் என்றுதான் அங்கே வருகிறேன் என்று சொன்னேன். இப்போது அகாரியை எந்த வீட்டுக்குக் கூட்டி வருவது? அவள் அப்பா பெயரைச் சொன்னால் எல்லாரும் தட்டைத் துடைக்கிற வீட்டுக்கா?

கீழ் அறையில் உன் புத்தகங்களை மறுபடியும் வைத்துக்கொள்.

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
24 நவம்பர் 2024

அக்கா,

புடவை மடிப்பு உண்மைதான். எழுதும்போது அது நினைவில் இருந்தது. எழுதவில்லை.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. ஆனால் கேட்டுவிட்டேன். நேற்று மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா தயிருக்குக் கை நீட்டினார்.

"ஏம்ப்பா, அன்னிக்கு அகாரி எழுதினது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? குளிக்கிற ரூமுல அந்தத் தம்பி ஒட்டி வெச்சிருந்தானே, அதுதான். மூணு மாசம் அங்க இருந்தேன், தெனம் பல்லு வெளக்கறப்ப அதைத்தான் பாத்துட்டு நின்னேன்."

"தெரிஞ்சேதான் அழிச்சீங்களா?"

அவர் தயிரை ஊற்றிப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"நாலு பேரு சுத்தி உக்காந்திருக்கறாங்க. புள்ளை அப்பனோட எழுத்தை எழுதுது. அவன் இல்ல. நான் அங்க உக்காந்து ஓன்னு அழுவறதா அம்மிணி? கை தானாப் போயிருச்சு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அழுதிருந்தா என்னாங்க? உங்க கௌரவம் கீழ கொட்டிப் போயிருமா? அள்ளிக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

அப்புறம் அம்மா சொன்னதுதான் எனக்குப் புதிது. அந்த மூன்று மாதம் அப்பா உன் வீட்டுப் பின்பக்கம் வெண்டை போட்டிருந்தார் அல்லவா. நவோகி மாமா ஆபீஸிலிருந்து வந்ததும் டை கூட அவிழ்க்காமல் ஹோஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாராம். முழு வேகத்தில் பீச்சுவாராம். அப்பா பின்னாலேயே ஓடி, "மெதுவா, மெதுவா, வேரு வெளிய வந்துரும் தம்பி" என்பாராம். அங்கே கற்றுக்கொண்டதுதான் அந்தச் சொல். நாம்தான் அதை உன்னிடமிருந்து கற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இது அப்பாவுக்குச் சாதகமாக எழுதுவதுபோல் உனக்குத் தோன்றலாம். தெரிந்ததை எழுதினேன். வேறு ஒன்றுமில்லை.

அறை காலியாகத்தான் இருக்கிறது.

யாமினி


பேர்லேண்ட்
12 ஜனவரி 2025

யாமினி,

ஹோஸ் விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். இப்போது அங்கே வெறும் புல்தான்.

ஆனால் நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று புரிகிறது. நாலு பேர் முன்னால் அப்பா அழக் கூடாது, அதனால் என் பெண் எழுதக் கூடாது. இதில் கௌரவம் என்பது இனத்தைப் பற்றி இல்லை, கண்ணீரைப் பற்றி என்று நீ சொல்ல வருகிறாய். அவளுக்கு என்ன வித்தியாசம்? அவள் பார்த்தது ஒரு கை.

அவள் அதை எழுதுவதில்லை, தெரியுமா? அக்டோபருக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. குளிக்கும்போது கண்ணாடி நிறைய ஆவி படிகிறது. பூனை வரைகிறாள், கார் வரைகிறாள். "பப்பா லெட்டர் போடு கண்ணு" என்றேன். "ஐ டோன்ட் நோ ஹவ்" என்றாள். தெரியும். என்னைப் பார்க்காமல் சொன்னாள். நான் போட்டுக் காட்டலாம் என்று விரலை வைத்தேன். குறுக்குக் கோடு வந்தது, நெடுக்குக் கோடு வந்தது. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பும் என்று நின்றுவிட்டது. நாலு வருஷம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே குளிப்பாட்டியிருக்கிறேன். நான் கற்றுக்கொள்ளவேயில்லை, யாமினி. அதுதான் அவர் இருக்கிறாரே என்று.

எழுத்து அட்டையின் ஓரங்கள் பிரிந்து, மை ஊறிக் கரைந்து, எழுத்துகள் இப்போது தெரிவதில்லை. தண்ணீர் தொட்டு ஒட்டினால் காலையில் தொட்டிக்குள் கிடக்கிறது.

ஜப்பானில் மாட்சுவேயிலிருந்து நவோகியின் அம்மா எழுதியிருக்கிறார். மொழிபெயர்ப்பு ஆப் போட்டுப் படித்தேன். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். இவளுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். முதல் வகுப்புக்கு முந்தைய வருஷமே வந்துவிட்டால் பாஷை ஒட்டிக்கொள்ளும் என்கிறார். நானும் அங்கிருந்தே ரிமோட்டில் பாதி நேர வேலைக்கு ஆபீஸில் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

முடிவு செய்யவில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன்.

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
9 பிப்ரவரி 2025

அக்கா,

இந்த மாதத்தில் என்ன எழுதினாலும் தவறாகத்தான் இருக்கும். ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீ மாட்சுவே போகலாம் என்று இருப்பதைச் சொல்லிவிட்டேன். மறைத்து வைப்பதில் எனக்கு இருக்கும் சாமர்த்தியம் ஏற்கனவே போதுமான கெடுதல் செய்திருக்கிறது. அம்மா அழுதாள். அப்பா பிரின்ஸ்டன் ஜங்ஷன்வரை நடந்துபோய், பனியில் நின்று நாலைந்து ரயிலைப் பார்த்துவிட்டு வந்தார். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். நான் படித்துக்கொண்டிருந்தேன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் என் அறைக்கு வருவதில்லை, உனக்குத் தெரியும்.

"அம்மிணி, அந்த எழுத்தை எப்பிடிப் போடறது?"

எழுதிக் காட்டினேன். பென்சிலை வாங்கி எழுதினார். முதல் கோடு சரி, இரண்டாவது சரி. மூன்றாவதும் ஒரு வழியாகச் சுற்றி வந்தது. சுற்றி முடித்ததும் கை நிற்கவில்லை, வலப்பக்கம் மேலிருந்து கீழாக நேராக ஒரு கோட்டை இழுத்துவிட்டது. அ எழுதிப் பழகிய கை. அறுபது வருஷமாக அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அந்த எழுத்தை முடித்திருக்கிறது.

"அப்பா, அது வேண்டாம். கடைசி அப்படியே அந்தரத்துல நிக்கணும்."

"அதெப்பிடி நிக்கும்? ஒரு காலு வேண்டாமா அதுக்கு?"

திரும்பத் திரும்ப எழுதினார். ஒவ்வொரு தடவையும் கால் வந்துவிடும். வந்த பிறகு "அட, போச்சு" என்பார். அம்மா எட்டிப் பார்த்து, "இந்த வயசுல உங்களுக்கு ஒன்னாங் கிளாஸா?" என்றாள். அவர் சிரிக்கவில்லை. தாள் முழுக்க எழுதி, அதில் ஒன்றைக் கத்தரித்து என்னிடம் கொடுத்தார். "இதை அனுப்பு. பெரியவளுக்கு இல்ல, புள்ளைக்கு" என்றார். அதிலும் கால் இருக்கிறது. நல்லதாக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றேன். இதுதான் நல்லது என்றார்.

இதனோடு வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

போகாதே என்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

யாமினி


பேர்லேண்ட்
16 மார்ச் 2025

யாமினி,

கொஞ்ச நாள் கொடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் போட்டு வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவளே ஸ்டூல் போட்டு எடுத்துவிட்டாள்.

"ஹூ மேட் திஸ்?"

"தாத்தா."

சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றேன். குழாயைத் திறக்கவில்லை.

"நோ. தாத்தா டிட் இட் ராங். டூ மெனி."

போய் ரப்பரை எடுத்து வந்தாள். அப்பா எழுதியது பென்சில் அல்லவா. அந்தக் காலை மட்டும், மற்றது கெடாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தாள். மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். அதுவும் திருப்தி இல்லை போல. பக்கத்தில் தானே எழுதினாள். குறுக்கே ஒன்று. நெடுக்கே ஒன்று. மூன்றாவதற்கு முன் பென்சில் நின்றது. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், "மெதுவா, மெதுவா." நவோகி சொல்கிற அதே மாதிரி. அந்த 'து'-வை அவர் கொஞ்சம் அழுத்துவார், அதோடு.

பிறகு சுற்றி வந்து நிறுத்தினாள்.

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, யூ ஓகே?" என்றாள். ஓகே என்றேன்.

அப்பாவிடம் சொல். அவர் எழுதியதை அவள் திருத்திவிட்டாள் என்று சொல். மெதுவா என்றாள் என்பதையும் சொல். அதற்கு மேல் என்னால் அவருக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது, முன்னைவிடச் சின்னதாக.

ஆனால் போகிறோம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நீ வேறு மாதிரி எதிர்பார்த்திருப்பாய். அவள் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "வாட்ஸ் தி நெக்ஸ்ட் ஒன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, யாமினி. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், நீ சொல்லியிருப்பாய். அதற்கு அடுத்ததையும் அதற்கு அடுத்ததையும் ஒவ்வொரு முறையும் போனில் கேட்டு எத்தனை நாள் சமாளிப்பது? அவள் கேட்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். அவருக்கே எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி டிக்கெட். அப்பா வழியனுப்ப வர வேண்டாம். அவர் அழுவார். இந்தத் தடவை அழட்டும், தப்பில்லை. ஆனால் ஏர்போர்ட்டில் அகாரி அதைப் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டாம். நீயும் வேண்டாம். உன்னைப் பார்த்தால் நான் போக மாட்டேன்.

வான்மதி


வெஸ்ட் வின்ட்சர்
3 அக்டோபர் 2025

அக்கா,

மாட்சுவே முகவரிக்கு நான் எழுதும் முதல் கடிதம். சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரியவில்லை. உறையில் உன் பெயருக்குக் கீழே அகாரி பெயரை அவர்கள் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவள் பார்த்துச் சொல்லட்டும்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. மஞ்சள் தொப்பி, முதுகில் அவளைவிடப் பெரிய பை. அம்மா அதையும் எல்லாருக்கும் அனுப்பினாள். அம்மாவின் கைபேசியை அப்பா வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, அந்தத் தொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். அவள் பெயர்தான். முதல் எழுத்தை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

ஜூன் ஒன்பதாம் தேதி நாங்கள் வரவில்லை. நீ கேட்டபடியே. அப்பா அன்று காலையில் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஹாலில் உட்கார்ந்திருந்தார். உங்கள் விமானத்தை என் லேப்டாப் வரைபடத்தில் பார்த்தார். கடலுக்கு மேல் போனதும் மூடிவைக்கச் சொன்னார். அழுதார். எங்கள் முன்னால்தான்.

நேற்று விஜயதசமி. கோவிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அம்மாவிடம் பித்தளைத் தட்டை வாங்கி, அதில் அரிசியைக் கொட்டிப் பரப்பி, முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்தார். "யாருக்குங்க?" என்றாள் அம்மா. "மாப்பிள்ளைக்கு" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நாங்கள் இருவரும் முதல் தடவை கேட்டோம். அம்மா என்னைப் பார்த்தாள்.

விரலால் எழுதினார். குறுக்கே ஒன்று. நெடுக்கே ஒன்று. மூன்றாவதை வெகு நேரம் எடுத்துச் சுற்றிவந்து, வலப்பக்கத்தில் கையைத் தூக்கிவிட்டார். கால் விழவில்லை.

தட்டு அப்படியே ஹாலில் இருந்தது. அம்மா அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள். இன்று காலை வேறு அரிசி வீட்டில் இல்லை. அம்மா எடுக்க மாட்டேன் என்றாள். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான்தான் தட்டைச் சாய்த்து, அரிசியைக் களைந்து, குக்கரில் வைத்தேன். மதியம் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

யாமினி